குழாய்க்குள் செல்லும் மின்கம்பி எவ்வளவு தாங்கும்?

மின்விளக்கு எரியாத சிற்றூர் இன்று நம் மாநிலத்தில் இல்லை எனலாம். 1932ஆம் ஆண்டில் நீலகிரி மலையிலே பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, மின்சாரம் பெரும்பாலும் நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் உரியதாக இருந்தது. இன்றோ ஊராட்சி அலுவலகம், நூலகம், அங்கன்வாடி, சமுதாயக் கூடம், கிணற்றடிக் கொட்டகை என எங்கெங்கும் அது பணிபுரிகின்றது. ஊராட்சிப் பணத்தில் ஆண்டுதோறும் புதிய கட்டடங்கள் எழுகின்றன. அவற்றிற்கெல்லாம் மின்கம்பி இழுக்கும் வேலையும் உடன் நடைபெறுகின்றது.

முற்காலத்தில் சுவரில் தேக்கு ரீப்பர்களை அடித்து, அவற்றின்மேல் கம்பியைப் படுக்க வைத்துத் தகட்டுக் கிளிப்புகளால் பிடித்துக் கொண்டு செல்வது வழக்கம். அக்கம்பி கண்ணுக்குத் தெரிந்தது. அதன்மேல் காற்றும் பட்டது. இப்போது கம்பிகள் பி.வி.சி. குழாய்க்குள் நுழைந்துவிட்டன, குழாயும் சுவருக்குள்ளும் தளத்தின் கான்கிரீட்டுக்குள்ளும் புதைந்துவிட்டது. பார்வைக்கு இது அழகே. எலி கடிக்காமலும், கைபடாமலும், ஈரம் ஏறாமலும் கம்பியைக் குழாய் காக்கின்றது என்பதும் உண்மையே. ஆயினும் குழாய்க்குள் சென்ற கம்பி ஒன்றை இழக்கின்றது. அதுவே, தன் சூட்டை வெளியே விடும் ஆற்றல்.

இதனால் விளைவது யாது? திறந்தவெளியில் ஒரு கம்பி எத்தனை ஆம்பியர் தாங்குமோ, அத்தனை ஆம்பியரைக் குழாய்க்குள் அது தாங்காது. பல கம்பிகளோடு ஒரே குழாயில் நெருங்கிக் கிடந்தால் இன்னும் குறைவாகவே தாங்கும். வெயிற்சூடு ஏறும் கூரையடியில் என்றால் அதனினும் குறையும். எவ்வளவு குறையும் என்பதைக் கணக்கிட்ட பின்னரே கம்பியின் பருமனைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இக்கணக்கு பொறியாளருக்கு மட்டும் உரியதன்று. பெருக்கல் அறிந்த எந்த ஊராட்சி உறுப்பினரும் இதனைச் சரிபார்க்கலாம்.

கம்பி சுடுவது ஏன்?

மின்னோட்டம் செல்லும்போது கம்பி சிறிதேனும் தடை செய்கின்றது. அத்தடையே வெப்பமாக மாறுகின்றது. ஓட்டத்தின் அளவு இரு மடங்கானால் வெப்பம் இரு மடங்கு ஆவதில்லை; நான்கு மடங்காகின்றது. இவ்வுண்மையை ஆங்கில அறிஞர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் என்பார் 1840ஆம் ஆண்டளவில் சோதனை செய்து கண்டார்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். கடைகளில் ‘இரண்டரை ஸ்கொயர்’ என வழங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 20 மீட்டர் தொலைவு செல்கின்றது எனக் கொள்வோம். போகவும் வரவும் 40 மீட்டர். அதன் தடை ஏறத்தாழ 0.3 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் அக்கம்பியில் பிறக்கும் வெப்பம் 30 வாட். 20 ஆம்பியர் ஓடினாலோ 120 வாட். பழைய நூறு வாட் பல்பு ஒன்றைக் குழாய்க்குள் நீளவாக்கில் கிடத்தி எரியவிட்டதற்கு இது ஒப்பாகும்.

கம்பியின்மேல் உள்ள சாதாரண பி.வி.சி. உறை, உள்ளிருக்கும் செம்பு 70 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால் பல ஆண்டுகள் தாங்கும். அதற்கு மேல் போனால் உறை இளகும். நாளடைவில் இறுகி வெடிக்கும். தொடர்ந்து எட்டு முதல் பத்து டிகிரி வரை சூடு மிகுந்தால் உறையின் வாழ்நாள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. உறை அழிந்த இடத்தில் கம்பியும் கம்பியும் தொட்டால் தீப்பொறி எழும். இரும்புக் குழாயையோ ஈரச் சுவரையோ தொட்டால் மின்சாரம் கசியும். இவையெல்லாம் பூச்சுக்கு அடியில் நிகழ்வதால், கேடு முற்றும்வரை நாம் அறிய மாட்டோம்.

வைக்கோற்போரும் கம்பிக் குழாயும்

ஈரம் உலராத வைக்கோலைப் போராகக் குவித்தால் என்ன ஆகும் என்பதை உழவர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியின்றிப் போரின் நடுப்பகுதி வெந்து கறுக்கும். அதே வைக்கோலைக் களத்தில் பரப்பினால் ஒரு தீங்கும் இல்லை. இரண்டிலும் வைக்கோல் ஒன்றே; சூடு ஆறும் வழியில்தான் வேறுபாடு.

கம்பிக்கும் இது பொருந்தும். ஒரு குழாயில் ஓர் இணைக் கம்பி மட்டும் சென்றால், அதன் சூடு குழாய்ச் சுவர் வழியே ஒருவாறு வெளியேறும். மூன்று இணைகள் சென்றால் ஒவ்வொன்றும் மற்றதனைச் சுடுகின்றது. வெளியேற வேண்டிய சூடு மும்மடங்கு. வெளியேறும் வழியோ அதே ஒரு குழாய்.

சுற்றுப்புறச் சூடும் இத்தன்மையதே. கம்பியைப் பற்றிய அட்டவணைகளில் பெரும்பாலானவை சுற்றுப்புறம் 30 டிகிரி எனக் கொண்டு எழுதப்பட்டவை. அப்போது செம்பு 70 டிகிரியை எட்டுவதற்கு 40 டிகிரி இடைவெளி இருக்கின்றது. தகரக் கூரையின் அடியில் கோடைப் பகலில் 45 டிகிரி இருக்குமாயின், எஞ்சுவது 25 டிகிரியே. இடைவெளி சுருங்கியதற்கு ஏற்ப ஓட்டத்தையும் சுருக்கியாக வேண்டும்.

கணக்கிடும் முறை

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60364 என்னும் தரநூல் இதற்கான எண்களைத் தருகின்றது. நம் நாட்டில் கட்டட மின்னமைப்பு வேலைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 732 வழிகாட்டியாக உள்ளது. பி.வி.சி. உறையுள்ள செம்புக் கம்பிக்கு, 30 டிகிரிச் சூட்டில், குழாய்க்குள் ஒரே ஓர் இணை செல்லும்போது தாங்கும் அளவு வருமாறு:

1.5 சதுர மி.மீ. — 17.5 ஆம்பியர்
2.5 சதுர மி.மீ. — 24 ஆம்பியர்
4 சதுர மி.மீ. — 32 ஆம்பியர்
6 சதுர மி.மீ. — 41 ஆம்பியர்

சுற்றுப்புறச் சூட்டிற்காகப் பெருக்க வேண்டிய எண்:

35 டிகிரி — 0.94
40 டிகிரி — 0.87
45 டிகிரி — 0.79
50 டிகிரி — 0.71

ஒரே குழாயில் செல்லும் மின்சுற்றுகளின் எண்ணிக்கைக்காகப் பெருக்க வேண்டிய எண்:

2 சுற்றுகள் — 0.80
3 சுற்றுகள் — 0.70
4 சுற்றுகள் — 0.65
6 சுற்றுகள் — 0.57

ஒரு சுற்று என்பது ஒரு பேஸ் கம்பியும் அதன் நியூட்ரலும் சேர்ந்தது. எர்த் கம்பியில் வழக்கமாக ஓட்டம் இல்லை. எனவே அதனை எண்ண வேண்டுவதில்லை. மிகக் குறைந்த ஓட்டமே செல்லும் சுற்றையும் விட்டுவிடலாம். குழாயில் தனக்கு அனுமதித்த அளவில் நூற்றுக்கு முப்பதுக்கு மேற்படாத ஓட்டம் செல்லும் சுற்று பிறவற்றைச் சுடுவதில்லை. சில எல்.இ.டி. விளக்குகளுக்கு மட்டும் செல்லும் கம்பி இவ்வகையைச் சேர்ந்தது.

ஓர் எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். சில தயாரிப்பாளர் தம் அட்டவணையை 40 டிகிரிக்கென்றே எழுதியுள்ளனர். அவ்வெண்ணை 30 டிகிரிக்குரியது எனக் கருதி மீண்டும் குறைத்தால் வீண்செலவு நேரும். மாறாக, திறந்த காற்றுக்குரிய எண்ணைக் குழாய்க்குரியது என மயங்கினால் ஆபத்து நேரும். ஆகவே அட்டவணையின் தலைப்பை முதலிற் படிக்க வேண்டும்.

ஒரு சமுதாயக் கூடம்

ஓர் ஊராட்சி தகரக் கூரையிட்ட சமுதாயக் கூடம் ஒன்று கட்டுகின்றது என வைத்துக்கொள்வோம். மேடையின் ஒலி ஒளி அமைப்புக்கு ஒரு சுற்று. சமையற்கட்டின் கிரைண்டர்களுக்கு ஒரு சுற்று. வெந்நீர்க் கொதிகலனுக்கு ஒரு சுற்று. மூன்றும் இரண்டரை ஸ்கொயர் கம்பி. செலவைச் சுருக்க எண்ணி, மூன்றையும் ஒரே குழாயில் போட்டுக் கூரையடியாகக் கொண்டு செல்கின்றனர். ஒவ்வொன்றுக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி. பொருத்துகின்றனர். அட்டவணையில் 24 என இருக்கின்றதே, 20 போட்டது பாதுகாப்புத்தானே என்பது அவர்தம் எண்ணம்.

கணக்கைப் பார்ப்போம். கூரையடியில் 45 டிகிரி, மூன்று சுற்றுகள்.

24 × 0.79 × 0.70 = 13.3 ஆம்பியர்.

இருபத்து நான்கு எனக் கருதியது பதின்மூன்றாகிவிட்டது. வைகாசி மாதத்தில் ஒரு திருமணம். மூன்று சுற்றுகளும் ஒருங்கே இயங்குகின்றன; ஒவ்வொன்றிலும் 18 ஆம்பியர் ஓடுகின்றது. எம்.சி.பி.க்கு 20 வரை உரிமை உண்டு, அது அசையாது. அதன் தரநூல் விதிப்படி 20 ஆம்பியர் எம்.சி.பி. 22 ஆம்பியரையும் ஒரு மணி நேரம் பொறுத்திருக்கும். 29 ஆம்பியர் ஆனாலே ஒரு மணி நேரத்திற்குள் கட்டாயம் விழ வேண்டும். இதற்கிடையே குழாய்க்குள் கம்பியின் சூடு 90 டிகிரியை நெருங்குகின்றது. கூடத்தில் மக்கள் நிறைந்திருக்கின்றனர். அன்றே தீப்பிடிக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொரு முகூர்த்தத்திலும் உறை சிறிது சிறிதாக நலிகின்றது. என்றோ ஒரு நாள் அது கைவிடும். அந்நாள் எதுவென்று எவரும் அறியார் என்பதே இதில் உள்ள பெருந்தீங்கு.

இதனைத் திருத்த மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, மூன்று சுற்றுகளுக்கும் மூன்று தனிக் குழாய்கள் இடுதல். அப்போது 24 × 0.79 = 19 ஆம்பியர் தாங்கும்; 16 ஆம்பியர் எம்.சி.பி. பொருந்தும். குழாய்கள் ஒன்றையொன்று தொடாமல், இடையே குழாயின் அகலத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் இடம் விட வேண்டும்.

இரண்டாவது, ஒரே குழாயில் 4 சதுர மி.மீ. கம்பி இழுத்தல். 32 × 0.79 × 0.70 = 17.7 ஆம்பியர். இதற்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. போதுமானது. பருத்த கம்பிக்கேற்பக் குழாயும் பெரிதாக வேண்டும். குழாயின் உள்ளிடத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கம்பி நிறையலாகாது என்பது தொழிலறிந்தோர் கொள்ளும் விதி. இழுத்துத் திணித்த கம்பியின் உறை அப்போதே கிழிபடும்.

மூன்றாவது, போட்ட கம்பியை மாற்ற இயலாதாயின், எம்.சி.பி.யை 10 ஆம்பியராகக் குறைத்துச் சுமையையும் அதற்கேற்பக் குறைத்தல். கிரைண்டரும் கொதிகலனும் பின்னர் வேறு புதுக்குழாய் வழியே செல்லட்டும்.

முதல் இரண்டு வழிகளிலும் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 16 ஆம்பியரே. 18 ஆம்பியர் வேண்டுமாயின் சுமையைப் பிரித்து நான்காவது சுற்று ஒன்று அமைப்பதே முறை. தனிக் குழாய் வழிக்கு ஆகும் கூடுதற்செலவு பெரும்பாலும் பி.வி.சி. குழாயின் விலையே. செம்பின் விலையோடு ஒப்பிட அது சிறிது. ஆனால் அதனை இடுவதற்குரிய காலம் தளம் போடுவதற்கு முன்னரே. கான்கிரீட் இறுகிய பின் வருந்துவதால் பயனில்லை.

கிணற்றடிக் கொட்டகையில்

பங்காளிகள் இருவர்க்குப் பொதுவான பங்குக் கிணறு, மோட்டார்கள் இரண்டு. இரண்டின் கம்பிகளும் ஒரே குழாயில் கொட்டகைக்குள் வருகின்றன. ஒவ்வொரு மோட்டாரின் பெயர்ப்பலகையிலும் 11 ஆம்பியர் எனக் குறித்துள்ளது. மும்முனை மின்சாரத்தில் மூன்று கம்பிகள் சுமை ஏந்துவதால் அட்டவணை எண்கள் இன்னும் குறைவு. 1.5 சதுர மி.மீ. கம்பிக்கு 15.5 ஆம்பியர், 2.5க்கு 21, 4க்கு 28.

கோடையில் அத்தகரக் கொட்டகையில் 50 டிகிரி எனக் கொள்வோம். பாய்ச்சல் காலத்தில் இரு மோட்டார்களும் ஒன்றாகவே ஓடும்.

1.5 சதுர மி.மீ.: 15.5 × 0.71 × 0.80 = 8.8 ஆம்பியர். போதாது.
2.5 சதுர மி.மீ.: 21 × 0.71 × 0.80 = 11.9 ஆம்பியர். மயிரிழையில் போதும்.
4 சதுர மி.மீ.: 28 × 0.71 × 0.80 = 15.9 ஆம்பியர். நன்கு போதும்.

மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் வேளையில் அதே வேலைக்கு மோட்டார் மிகுதியான ஓட்டத்தை இழுக்கும் என்பதை உழவர் அனுபவத்தில் அறிவர். எனவே மயிரிழை இடைவெளியை நம்பலாகாது. நான்கு ஸ்கொயர் கம்பி இடுவது ஒரு வழி. அல்லது இரு மோட்டார்களுக்கும் தனித்தனிக் குழாய் இட்டால் இரண்டரை ஸ்கொயரே 14.9 ஆம்பியர் தாங்கும். மீட்டரிலிருந்து கிணறு வெகு தொலைவு எனில், வழியில் குறையும் மின்னழுத்தத்திற்காகக் கம்பியை இன்னும் பருமனாக்க நேரும். அது வேறு கணக்கு. இரண்டு கணக்கிலும் எது பெரிய கம்பியைக் கேட்கின்றதோ அதனையே இடுதல் வேண்டும்.

இரும்புக் குழாய் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்க. ஒரு மின்சுற்றின் எல்லாக் கம்பிகளும் ஒரே குழாயில் செல்ல வேண்டும். பேஸ் ஒரு குழாயிலும் நியூட்ரல் வேறொரு குழாயிலுமாகப் பிரிந்தால் இரும்பே சூடேறும்.

எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால்

பல ஊர்களில் நாம் காணும் தவறு ஒன்று உண்டு. விழாக்காலத்தில் எம்.சி.பி. மீண்டும் மீண்டும் விழுகின்றது. உடனே எவரோ 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியரைப் பொருத்துகின்றனர். பியூஸ் இருந்த நாளில் பருத்த கம்பியைச் சுற்றிக் கட்டியதற்கு இது இணையானது. எம்.சி.பி. காப்பது கிரைண்டரையோ விளக்கையோ அன்று. சுவருக்குள் இருக்கும் கம்பியையே அது காக்கின்றது. சுமைக்குத் தேவையான ஓட்டத்தைவிட எம்.சி.பி.யின் எண் குறையலாகாது; கம்பி அந்த இடத்தில் தாங்கும் அளவைவிட எம்.சி.பி.யின் எண் மிகலாகாது. கணக்கு முழுவதும் இவ்வொரு விதியில் அடங்கும். எம்.சி.பி. விழுவது கம்பி நமக்கு அனுப்பும் முறையீடு. அதன் வாயை அடைத்தல் தீர்வாகாது.

எம்.சி.பி. மனிதருக்கு ஏற்படும் மின்னதிர்ச்சியைத் தடுப்பதற்காக அமைந்ததன்று என்பதையும் மறக்கலாகாது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியும், நல்ல எர்த் இணைப்பும் வேண்டும்.

ஊராட்சி கேட்க வேண்டுவன

வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரே செய்தல் வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகளும் இதனை வற்புறுத்துகின்றன. ஆயினும் கேட்பவர் இல்லாத இடத்தில் விதி தூங்கிவிடும். ஆதலின் தளம் போடுவதற்கு முன்பும், பட்டியலுக்குப் பணம் வழங்குவதற்கு முன்பும் உறுப்பினர்கள் பின்வருவனவற்றைக் கேட்டறிதல் நலம்.

1. எந்தக் குழாயில் எத்தனை சுற்றுகள், எத்தனை பருமனுள்ள கம்பி என்பதைக் காட்டும் வரைபடம் உண்டா?

2. குழாய் செல்லும் இடத்தில் கோடைப் பகலின் சூடு எவ்வளவு எனக் கொள்ளப்பட்டது? வெயில் காயும் மொட்டைமாடித் தளமும் தகரக் கூரையடியும் சுவரின் கீழ்ப்பகுதியைப் போன்றவையல்ல.

3. இருவகைக் குறைப்பும் செய்தபின் ஒவ்வொரு சுற்றும் தாங்கும் ஆம்பியர் எவ்வளவு? அதன் எம்.சி.பி. எவ்வளவு?

4. கம்பியில் ஐ.எஸ். 694 என்னும் எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளனவா?

5. கம்பி இழுத்து முடித்தபின், மின்சாரம் இணைக்கும் முன், 500 வோல்ட் மெக்கர் கொண்டு உறையைச் சோதித்தனரா? அளவு 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருந்ததா?

இக்கேள்விகளுக்கு உரிய விடைகளை எழுதி வாங்கி, மின்பலகையின் கதவின் உட்புறம் ஒட்டி வைத்தல் நன்று. பத்து ஆண்டுகள் கழித்துப் புதிய உறுப்பினர் ஒருவர் குளிர்சாதனப் பெட்டி பொருத்த விரும்பும்போது, சுவரை உடைக்காமலே அவருக்கு விடை கிடைக்கும். பழைய கட்டடங்களில் சுவிட்சுப் பெட்டி நிறம் மாறியிருந்தாலும், கருகிய நாற்றம் வந்தாலும், சுமையைக் குறைத்துவிட்டு மின்பணியாளரை அழைத்துக் காட்டுக.

வாய்க்கால் உடைந்தால் நீர் வெளியே தெரியும்; உடனே மண் வெட்டி அடைத்துவிடலாம். குழாய்க்குள் கம்பி வெந்தால் வெளியே தெரிவது கடைசியில்தான். ஊர்ப்பணத்தில் எழுந்த கூடத்தில் ஊர்மக்கள் அச்சமின்றிக் கூட வேண்டுமாயின், பூச்சு மூடுவதற்கு முன் இரண்டு பெருக்கல்களைச் செய்து பார்ப்பது நம் கடமையாகும்.